யூபிஎஸ் வாங்கியவர்களே, அந்தச் சின்ன வயர் எங்கே?

முன்பு கலியாணப் படம் எடுக்கிறவர்களிடம் மட்டும் கண்ட நாஸ் பெட்டியை இப்போது திருகோணமலையில் சாதாரண வீடுகளிலும் காண்கிறேன். இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு, ரவுட்டரோடு இணைத்து, வீட்டில் எல்லாரும் பாவிக்கிற சேமிப்புப் பெட்டி. காணி உறுதியின் ஸ்கேன் முதல் கனடாப் பேரப்பிள்ளையின் வீடியோ வரை எல்லாம் அதற்குள்தான். பெட்டிக்குத் தாராளமாகச் செலவழிப்பவர்கள், அதற்குக் கரண்ட் வருகிற வழியைப் பற்றி யோசிப்பதில்லை. யோசித்தவர்களும், கரண்ட் போனால் பட்டரியில் கொஞ்ச நேரம் ஓட வைக்கிற ஒரு யூபிஎஸ்ஸை வாங்கி வைத்ததோடு விட்டுவிடுகிறார்கள்.

உப்புவெளியில் வீட்டோடு ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு அண்ணன் கூப்பிட்டார். பெட்டி திறக்கிறது, ஆனால் கடைசிக் கலியாணத்தின் படங்கள் பாதி திறக்கவில்லை. மேசைக்குக் கீழே யூபிஎஸ் பச்சை விளக்கோடு நன்றாகத்தான் இருந்தது. “தம்பி, கரண்ட் போனாலும் ஓடும் எண்டுதானே இதை வாங்கினனான்?” என்றார். ஓடித்தான் இருக்கிறது, பட்டரி தீரும் வரை. தீர்ந்ததும், படங்கள் எழுதப்பட்டுக்கொண்டிருந்த நடுவில் பெட்டி பட்டென்று நின்றிருக்கிறது. யூபிஎஸ் வந்த அட்டைப்பெட்டியை எடுத்துப் பார்த்தேன். அடியில், பிளாஸ்டிக் கட்டுக்கூட அவிழ்க்காமல் ஒரு யூஎஸ்பி வயர் கிடந்தது. ஒரு முனை பிரிண்டர் வயரில் இருப்பது போலச் சதுரம், மறுமுனை வழக்கமான தட்டை.

யூபிஎஸ் செய்வது நேரம் வாங்கித் தருவது மட்டும். அந்த நேரத்துக்குள் கையில் இருக்கிற எழுத்து வேலையை முடித்து ஒழுங்காக நின்றுவிட வேண்டும் என்று நாஸுக்குச் சொல்வது இந்த வயர்தான். அது இல்லாவிட்டால் விபத்து அரை மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். “இரண்டு டிஸ்க் இருக்கிறதே, ஒன்றில் போனால் மற்றதில் இருக்காதா?” என்று கேட்பார்கள். இருக்காது. இரண்டிலும் ஒரே நேரத்தில்தான் எழுதப்படுகிறது. அரைகுறையாக நின்றால் இரண்டிலும் அரைகுறைதான். ஒரு டிஸ்க் பழுதானால் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு.

வயரின் சதுர முனையை யூபிஎஸ்ஸிலும் தட்டை முனையை நாஸிலும் குத்தியபின் நாஸின் அமைப்புகளில் பவர் பகுதிக்குப் போய் யூபிஎஸ் ஆதரவை இயக்க வேண்டும். கரண்ட் போய் ஐந்து நிமிடத்தில் மூடு என்று வையுங்கள். பட்டரி குறையும் வரை பொறு என்று வைக்காதீர்கள். பழைய பட்டரி பாதி இருக்கிறது என்று காட்டிக்கொண்டே செத்துப்போகும். இன்னொன்று, மலிவான யூபிஎஸ் பலவற்றில் யூஎஸ்பி துவாரமே கிடையாது. கடையில் காசு கொடுக்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

பெரிய மின்வெட்டுக்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்களே, அது டிஸ்க்குகளுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. நேரம் முன்கூட்டியே தெரியும், நாமே மூடி வைக்கலாம். கெடுதல் செய்வது போய்ப் போய் வருகிற கரண்ட்தான். மழை நாளில் மரக்கொப்பு லைனில் உரசும்போது பத்து நிமிடத்துக்குள் நாலு தரம் போய் வரும். ஒவ்வொரு தரமும் டிஸ்க் நின்று சுழலத் தொடங்கும், திரும்பி வருகிற வோல்டேஜும் சீராக இருக்காது. வோல்டேஜைச் சரிசெய்கிற லைன் இன்ரறக்டிவ் வகை யூபிஎஸ் என்றால் நல்லது.

அளவு பெரிதாகத் தேவையில்லை. இரண்டு டிஸ்க் நாஸ் 20 வாட்ஸ் அளவு எடுக்கும், ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து இன்னொரு 20. 650 விஏ யூபிஎஸ் தாராளம். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் குத்திவிடாதீர்கள்.

மின்னல் வேறு கதை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கும்போது யூபிஎஸ்ஸை நம்ப வேண்டாம். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்பார்கள்; அது ஆளைக் காப்பாற்ற வைத்தது, மின்னலின் வோல்டேஜைத் தடுக்காது. சர்ஜ் தடுப்பு, அதாவது திடீரென்று ஏறுகிற வோல்டேஜைத் தடுக்கிற ஏற்பாடு, உள்ள மல்டி பிளக்கும் எர்த் நன்றாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். நிலாவெளிப் பக்கத்து மணலில், வெயில் காலத்தில் எர்த் கம்பியைச் சுற்றி ஈரமே இருக்காது. எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள், மெயின் போட்டிலும் ஒரு சர்ஜ் தடுப்பு போடச் சொல்லுங்கள்.

மின்னல் கரண்ட் லைனால் மட்டும் வருவதும் இல்லை. ஃபைபர் கண்ணாடி இழை, அதனூடாக வராது. பழைய செம்புத் தொலைபேசி லைனாலும், கூரையில் இருக்கிற டிஷ்ஷின் கேபிளாலும் வரும். அப்புறம் முன்வீட்டிலிருந்து பின்வீட்டு அறைகளுக்கு வெளியால் இழுத்த லேன் கேபிள். விருந்தினர் அறை வாடகைக்கு விடுகிற வீடுகளில் இது சாதாரணம். அந்த வெளித் துண்டை ஃபைபராக மாற்றிவிடுங்கள். முழக்கம் தூரத்தில் கேட்கும்போதே நாஸை ஒழுங்காக மூடி, பிளக்கையும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். தலைக்கு மேல் இடி வந்தபின் கேபிளில் கை வைக்க வேண்டாம்.

கேபிள் என்றதும், நாஸை ரவுட்டரோடு வயரால்தான் இணைக்க வேண்டும். திடீரென்று கொப்பி பண்ணும் வேகம் செக்கனுக்கு 110 எம்பியிலிருந்து 11, 12க்கு இறங்கினால் டிஸ்க்கைச் சந்தேகிக்க முன் கேபிள் முனையைப் பாருங்கள். எட்டுக் கம்பியில் ஒன்று தொடுப்பு விட்டாலே இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்று பட்டு மலிவான முனைகளின் கம்பிகள் கறுத்துப்போயிருப்பதை அடிக்கடி காண்கிறேன். முனையை வெட்டிப் புதிதாக அடித்தால் சரி.

சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் யூபிஎஸ்ஸை மூடிய அலுமாரிக்குள் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது 12 வோல்ட் ஈய பட்டரி. சூடு ஏறினால் ஆயுள் பாதியாகும். மூன்று வருடத்தில் மாற்ற வேண்டிவரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருதரம், யாரும் கோப்பு எழுதாத நேரம் பார்த்து, யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் நாஸ் தானாக மூட வேண்டும், திரும்பக் குத்தியதும் தானாக எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால், கரண்ட் வந்ததும் தானாகத் தொடங்கு என்ற தெரிவு அதே பவர் பகுதியில்தான் இருக்கும்.