முயலுக்கும் நமக்கும் ஒரே தொட்டி

மழை விட்ட வாரங்களில் என் கிளினிக்குக்கு முயல்கள் அதிகம் வரும். வயிறு உப்பி, புழுக்கை போடாமல், கூடையின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், "பச்சையா முளைச்சிருந்தது, பறிச்சுப் போட்டோம் டாக்டர்" என்பார்கள். போன வருடம் வந்த ஒரு முயலுக்கு வாழைத்தோப்பு வரப்பிலிருந்து பறித்திருக்கிறார்கள். முந்தின நாள் அங்கே களைக்கொல்லி அடித்தது அவர்களுக்குத் தெரியாது. காப்பாற்ற முடியவில்லை. முயலுக்கு வாந்தி வராது. உள்ளே போனது போனதுதான்.

அதற்காகக் களைச்செடிகளையே ஒதுக்க வேண்டாம். பருப்புக்கீரை, குப்பைக்கீரை, அறுகம்புல் மூன்றையும் மாடியில் நாமே வளர்க்கலாம். பருப்புக்கீரைக்கு விதைகூட வேண்டாம். ஒரு தண்டை ஒடித்து ஈரமண்ணில் செருகினால் வேர்விடும். விதை கிடைத்தால் மண்ணுக்குள் புதைக்காமல் மேலாகத் தூவுங்கள், அதற்கு வெளிச்சம் வேண்டும். குப்பைக்கீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். அறுகு, வேர் வந்த ஒரு துண்டிலிருந்தே தொட்டி முழுக்கப் படரும்.

பருப்புக்கீரையில் மட்டும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அதைப் போலவே தரையோடு படரும் சித்திரப்பாலாடை போன்ற களைகள் அதே தொட்டியில் தானாக முளைக்கும். தண்டைக் கிள்ளிப் பாருங்கள். பால் வந்தால் அது பருப்புக்கீரை இல்லை, பிடுங்கி எறிந்துவிடுங்கள். பருப்புக்கீரையின் தண்டு சதைப்பற்றோடு இருக்கும், உடைத்தால் தண்ணீர்தான் கசியும். என்னிடம் வரும் எல்லோருக்கும் இதைச் செய்து காட்டுகிறேன்.

சரி, எவ்வளவு கொடுக்கலாம்? முயலுக்குப் பிரதான உணவு புல்தான். அதன் பல் வாழ்நாள் முழுக்க வளரும், நார் உள்ள புல்லை அரைத்தால்தான் தேயும். அறுகைத் தினமும் போடலாம். பருப்புக்கீரையிலும் குப்பைக்கீரையிலும் ஆக்சலேட் என்ற, சிறுநீரில் கல் சேரக் காரணமாகும் பொருள் அதிகம். அதனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள், சிறு கொத்து போதும். புதுக் கீரை எதுவானாலும் முதல் நாள் இரண்டே இலை கொடுத்துப் புழுக்கையைப் பாருங்கள். நாய்க்கும் பூனைக்கும் பருப்புக்கீரை வேண்டாம். அவை கடிக்க ஆசைப்பட்டால் அறுகுத் தொட்டியை அவற்றுக்கு விட்டுவிடுங்கள்.

நமக்கோ, பாசிப்பருப்போடு கடைந்தால் பருப்புக்கீரைக்கு ஈடு கிடையாது. ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு மற்ற பல கீரைகளைவிட இதில் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேகவைத்த தண்ணீரை வடித்தால் ஆக்சலேட் ஓரளவு குறையும்.

இவ்வளவு பார்த்தும் முயல் அரைநாள் ஒன்றும் தின்னாமல் இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வரும்போது அது தின்ற செடியிலும் ஒரு கொத்து பிடுங்கிக்கொண்டு வாருங்கள்.