மரநாய் பார்க்க வைத்த கேமரா வீட்டையே காட்டுகிறது

பாலக்காட்டில் வீடுகளுக்கு வைஃபையும் கேமராவும் போட்டுக் கொடுப்பது என் தொழில். எல்லோரும் வீட்டில் இருப்பது சனி, ஞாயிறுதான் என்பதால் எனக்கு வேலை குவிவதும் அப்போதுதான். கொஞ்ச காலமாக ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது: "நெட் இழுக்குது. பிளானைக் கூட்டியும் பிரயோஜனமில்லை." போய்ப் பார்த்தால் கொல்லையில் ஒரு கேமரா இருக்கும். மரநாயோ மயிலோ பார்ப்பதற்காக வைத்தது.

அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. கல்பாத்தி அக்ரகாரத்தில் ஓட்டுக்கூரை மேல் மரநாய் நடக்கும், கொல்லையில் கீரி வரும், ஒலவக்கோடு பக்கம் மொட்டைமாடியிலேயே மயில் வந்து நிற்கும். வெளியூரில் இருக்கும் பேரக்குழந்தைகளுக்கு அதைக் காட்ட யாருக்குத்தான் மனசு வராது?

சமீபத்தில் போன ஒரு வீட்டில், ஆன்லைனில் வாங்கிய மலிவான கேமரா. டப்பாவில் அச்சடித்திருந்த பாஸ்வேர்டே அப்படியே இருந்தது. மகன் வெளிநாட்டிலிருந்து பார்ப்பதற்காக, தனியாகப் பணம் கட்டி நிலையான ஐபி, அதாவது மாறாத இணைய முகவரி வாங்கி, ரௌட்டரில் போர்ட்டையும், அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலையும், திறந்து வைத்திருந்தார்கள். யாருமே பார்க்காத நேரத்திலும் அந்தக் கேமராவிலிருந்து தரவு வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. அப்லோடு முழுக்க அதற்கே போனால் வீடியோ கால் எப்படி ஓடும்? வெளியாள் யாரோ கேமராவுக்குள் நுழைந்திருக்கலாம் என்று நான் சொன்னதும் அந்த வீட்டு மாமா கேட்டார்: "கொல்லையில மரநாய் வரதுதானே தெரியறது, அதை எவன் பாத்தா நமக்கென்ன?"

இதே பதிலைப் பல வீடுகளில் கேட்டுவிட்டேன். அதனால் இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் மரநாயைப் பார்க்க யாரும் வரவில்லை. உங்கள் பெயரோ தெருவோகூட வருகிறவனுக்குத் தெரியாது. இணைய முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கே போர்ட் திறந்திருக்கிறதோ அங்கே, கம்பெனிகள் போட்டு அனுப்பும் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். நுழைந்துவிட்டால் அதற்குத் தேவை படம் அல்ல, கேமராதான். ஏனென்றால் கேமரா என்பது லென்ஸ் வைத்த ஒரு சின்ன கம்ப்யூட்டர். அதை அடிமையாக்கி அடுத்தவரைத் தாக்க அனுப்பலாம்.

இது கற்பனை இல்லை. 2016-இல் மிராய் என்ற தீநிரல் இப்படித்தான் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. அதன் கையில் இருந்தது சுமார் 60 ஜோடி யூசர்நேம், பாஸ்வேர்டு மட்டுமே. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று தளங்களின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் டின் என்ற அமெரிக்க நிறுவனம் அதனால் தாக்கப்பட்டபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. அந்த நிரலின் மூலக்குறியீட்டை எழுதியவர்களே வெளியிட்டுவிட்டதால் அதன் வாரிசுகள் இன்றும் சுற்றுகின்றன. 'யார் பார்த்தால் என்ன' என்று மாமா சொன்ன கேமராவும் இந்த வகைதான்.

அப்புறம், படத்தில் மரநாய் மட்டுமா தெரிகிறது? பின்கதவு தெரிகிறது. சாவி மாட்டும் ஆணி தெரிகிறது. மாமி எத்தனை மணிக்குக் கோவிலுக்குப் போகிறார் என்பது தெரிகிறது. மைக் திறந்திருந்தால், அடுக்களையில் நின்று போனில் ஓடிபி சொல்வதுகூடக் கேட்கும்.

"மதுக்கரையில் யானைக்கே கேமரா வைத்திருக்கிறார்களே" என்று சிலர் கேட்கிறார்கள். வாளையார் பக்கம் ரயிலில் யானைகள் அடிபட்டுச் சாவதைத் தடுக்க, 2024-இல் தமிழ்நாடு வனத்துறை 12 கோபுரங்களில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை வைத்தது உண்மை. அதைக் கவனிக்கக் கட்டுப்பாட்டு அறை உண்டு, ஆட்கள் உண்டு. உங்கள் கேமராவை மாட்டிய பிறகு அதன் அமைப்புகளை யாராவது ஒருமுறையாவது திறந்து பார்த்தீர்களா?

சரி, செய்ய வேண்டியவை. பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள், கேமராவுக்கும் ரௌட்டருக்கும் இரண்டுக்குமே. வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரௌட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டு வேறு. இரண்டாவதைப் பெரும்பாலானோர் தொட்டதே இல்லை. திறந்து வைத்த போர்ட்டை மூடுங்கள். யூபிஎன்பி என்ற வசதியை அணையுங்கள், அது உங்களைக் கேட்காமலே போர்ட் திறக்கும். வெளியூரிலிருந்து பார்க்க, இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு ஓடிபி போன்ற இன்னொன்றையும் கேட்பது) உள்ள ஆப் போதும். இதற்காக மட்டும் நிலையான ஐபி வாங்காதீர்கள், காசு கொடுத்து ஆபத்தை வாங்குவது அது. கேமராவை கெஸ்ட் நெட்வொர்க்கில், அதாவது ரௌட்டர் விருந்தாளிகளுக்கென்று தனியாகத் தரும் வைஃபையில் போடுங்கள், கம்ப்யூட்டரும் போனும் இருக்கும் நெட்வொர்க்கில் வேண்டாம். மைக்கை அணையுங்கள். லென்ஸைக் கதவை விட்டுத் திருப்பி மரத்தைப் பார்க்க வையுங்கள். மென்பொருள் அப்டேட்டே வராத கேமராவை, தயவுசெய்து, விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

வேகத்துக்கும் ஒரு வார்த்தை. அக்ரகார வீடுகள் நீளமானவை, சுவர் கனமானது, பக்கத்து வீட்டு வைஃபையும் அதே சுவரைத் தாண்டி வரும். ரௌட்டரை வாசலில் டிவிக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கொல்லை வரை சிக்னல் வேண்டும் என்றால் 300 எம்பிபிஎஸ் பிளானும் உதவாது. சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் பெரும்பாலும் வேகத்தைப் பாதியாக்கும். கேட்6 என்ற நெட்வொர்க் கேபிளைப் பின்கட்டு வரை இழுத்து, அங்கே வைஃபை கொடுக்கும் ஒரு ஆக்சஸ் பாயின்ட் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடி மின்னல் காலத்தில், வெளியே ஓடும் அந்தக் கேபிளைக் கழற்றி வைத்தே ஆக வேண்டும். அந்த ஒரு கேபிள் வழியாக மின்னல் இறங்கி எரிந்த ரௌட்டர்களை ஒவ்வொரு ஐப்பசியிலும் பார்க்கிறேன்.

மயில் முட்டையிட்ட இடம் கேமராவில் பட்டால் இருப்பிடத்தோடு பகிராதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை அது. மரநாயை வரவழைக்கப் பழம் வைப்பதையும் நிறுத்துங்கள், அப்புறம் அது மச்சிலேயே குடியேறிவிட்டது என்று வருத்தப்பட வேண்டியிருக்கும்.

கேமரா போட வருகிறவர் வேலை முடித்துக் கிளம்பும்போது, எல்லா பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் போனதும் நீங்களே உட்கார்ந்து அவற்றை மாற்றுங்கள். வந்தது நானாக இருந்தாலும் அப்படியே செய்யுங்கள்.