இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு கோடு

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஊருக்குச் சற்று வெளியே மனை வாங்கி வீடு கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாசலை ஒட்டியே ஒரு மின்கம்பம் நிற்கிறது. அதிலிருந்து இருபது அடி கம்பி இழுத்தால் வேலை முடிந்தது. ஆனால் கம்பத்துக்குச் சொந்தக்கார நிறுவனம் கையை விரித்துவிடலாம்: "உங்கள் மனை எங்கள் எல்லையில் இல்லை." அந்தக் கம்பி வேறு எங்கோ போகிற வழியில் உங்கள் வாசலைக் கடக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்கு மின்சாரம் தர வேண்டிய நிறுவனத்தின் கம்பி வயலைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறது. இதைத் தீர்மானித்தது 1972-ஆம் ஆண்டு ஜூன் 16. அன்றைக்கு அந்த வட்டாரத்தில் யாருடைய கம்பி எங்கே இருந்தது என்பதே இன்றும் கணக்கு.

தமிழ்நாட்டில் இருக்கிற நமக்கு இது விசித்திரமாகப் படும். இங்கே மாநிலம் முழுவதற்கும் மின் பகிர்மானம் ஒரே நிறுவனத்தின் கையில், கம்பத்தைப் பார்த்து "இது யாருடையது?" என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் மின்சாரம் விற்பவர்கள் சுமார் 3,000 பேர். பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய கம்பெனிகள், நகராட்சிகளே நடத்தும் மின்துறைகள், சந்தாதாரர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவுச் சங்கங்கள் என்று பல சாதி. ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைகளை ஒரே வரைபடத்தில் கொண்டுவருவது சுலபம்போலத் தோன்றும். வரைய உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

எல்லை எதற்கு? மின்சாரத்தில் செலவு பிடிப்பது கம்பமும் கம்பியும் மின்மாற்றியும்தான். ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் இரண்டு வரிசைக் கம்பம் நட்டால் செலவு இரட்டிப்பாகும், வாடிக்கையாளர் பாதியாவார்கள். எடிசனின் செயலாளராக இருந்து, பிறகு சிகாகோவில் மின்சாரத் தொழிலைக் கட்டியெழுப்பிய சாமுவேல் இன்சல் 1898-லேயே சக முதலாளிகளிடம் இதைச் சொன்னார்: போட்டி வேண்டாம், ஒரு பகுதிக்கு ஒரே நிறுவனம் போதும், பதிலுக்கு விலையை அரசு ஒழுங்குபடுத்தட்டும். முதலாளியே கட்டுப்பாட்டைக் கேட்டு வாங்கியது வேடிக்கைதான். ஆனால் ஏகபோகம் கைக்கு வரும்போது அந்தக் கசப்பை விழுங்கலாம். 1907-ல் விஸ்கான்சினும் நியூயார்க்கும் ஒழுங்குமுறை ஆணையங்களை அமைத்தன. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

இந்த ஏற்பாடு நகரங்களுக்குப் பொருந்தியது. கிராமத்தை யாரும் சீந்தவில்லை. மைலுக்கு இரண்டு மூன்று வீடு உள்ள சாலையில் கம்பம் நட்டால் போட்ட பணம் எப்போது திரும்பும்? 1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் மின்விளக்கு இருந்தது. 1935-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கிராம மின்மயமாக்க நிர்வாகத்தை அமைத்தார். விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். அரசு குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது. சங்கங்களே கம்பம் நட்டன.

அதுவரை எட்டிப் பார்க்காத கம்பெனிகளுக்கு அப்போதுதான் கிராமத்தின் மேல் பாசம் வந்தது. சங்கம் கம்பி போடத் திட்டமிட்ட பாதையில், வீடுகள் நெருக்கமாக உள்ள பகுதியை மட்டும் பார்த்து, ராவோடு ராவாகக் கம்பம் நட்டுவிட்டுப் போனார்கள். நல்ல வாடிக்கையாளர்கள் கம்பெனிக்குப் போய்விட்டால், மிச்சமுள்ள சிதறிய வீடுகளை வைத்துச் சங்கம் கடனைக் கட்ட முடியாது. இந்தக் கம்பிகளுக்கு விவசாயிகள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'வன்மக் கம்பி'. இன்று சில மாநிலங்களின் எல்லை வரைபடத்தில் கூட்டுறவுச் சங்கத்தின் பரப்பு எலி கடித்த துணிபோல ஓட்டையும் கிழிசலுமாக இருப்பதற்கு ஒரு காரணம் இது. எண்பது தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய வயிற்றெரிச்சல், வண்ணம் தீட்டிய பலகோணமாக அப்படியே இருக்கிறது.

சண்டை முற்றியபோது மாநிலங்கள் கோடு போட்டுக் கொடுக்க வேண்டி வந்தது. அவற்றில் கென்டக்கி செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஆறு, மலை, மாவட்ட எல்லை எதையும் அது பார்க்கவில்லை. 1972 ஜூன் 16 அன்று பயன்பாட்டில் உள்ள பகிர்மானக் கம்பிகளை எடுத்துக்கொள், ஒரு நிறுவனத்தின் கம்பிக்கும் பக்கத்து நிறுவனத்தின் கம்பிக்கும் சம தூரத்தில் கோடு போடு, அதுதான் எல்லை. நிபந்தனை ஒன்று: மொத்தமாக மின்சாரம் கடத்தும் உயர் அழுத்தக் கம்பிகள் கணக்கில் சேராது. துணை மின்நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் வரும் கம்பிகளுக்கே மதிப்பு.

சட்டம் ஒற்றை வாக்கியத்தில் சொன்னதை வரைந்து பார்த்தால் நல்ல வடிவியல் கிடைக்கிறது. கிழக்கு மேற்காக இரண்டு சாலைகள். தெற்குச் சாலையில் கம்பெனியின் கம்பி, வடக்குச் சாலையில் சங்கத்தின் கம்பி. இரண்டும் இணையாக ஓடும் வரைக்கும் சிக்கல் இல்லை. நடுவே ஒரு நேர்கோடு. இப்போது சங்கத்தின் கம்பி ஒரு பண்ணை வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது, கம்பெனியின் கம்பி கிழக்கே தொடர்ந்து போகிறது. கடைசிக் கம்பத்துக்கு அப்பால் எல்லை எப்படிப் போகும்? ஒரு புள்ளிக்கும் ஒரு கோட்டுக்கும் சம தூரத்தில் இருக்கும் இடங்களின் பாதை என்ன என்று பன்னிரண்டாம் வகுப்பில் படித்திருப்போம்: பரவளையம். கடைசிக் கம்பம்தான் குவியம், எதிராளியின் கம்பிதான் இயக்குவரை. ஆக, கோடு அந்த இடத்திலிருந்து வளைந்து, சங்கத்தின் கடைசிக் கம்பத்தை அணைத்தபடி வடக்கே ஏறிவிடும். அந்தக் கம்பத்துக்குக் கிழக்கே உள்ள வெற்று நிலமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பெனியின் பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு பேருடைய கம்பியும் முடிகிற இடமாக இருந்தால், இரு கடைசிக் கம்பங்களுக்கும் இடையே செங்குத்து இருசமவெட்டி.

எல்லாவற்றையும் ஒரே காட்சியாகப் பார்க்க ஒரு வழி உண்டு. காய்ந்த புல்வெளியில் எல்லாக் கம்பிகளின் அடியிலும் ஒரே நேரத்தில் தீ வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். காற்று இல்லை, எல்லாத் திசையிலும் ஒரே வேகம். இரு நிறுவனங்களின் தீயும் சந்தித்து அணையும் இடமே எல்லை. கணினியும் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறது: நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் மிக அருகிலுள்ள கம்பி யாருடையது என்று பார்த்து நிறம் கொடுக்கிறது. 1908-ல் இத்தகைய பிரிவுகளை விரிவாக ஆராய்ந்த கணித மேதை வோரோனோயின் பெயரில் இவற்றுக்கு வோரோனோய் வரைபடம் என்று பெயர். கென்டக்கியின் சட்டமன்றம் அந்தப் பெயரைச் சட்டத்தில் எழுதவில்லை. வழக்கறிஞர் மொழியில் எழுதப்பட்ட கணிதம் அது.

காகிதத்தில் வரும்போது கணிதம் கொஞ்சம் தடித்துவிடுகிறது. 1:24,000 அளவிலான அமெரிக்க நிலவரைபடத் தாளில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் 24 மீட்டர். ஒரு வீடும் அதன் கார் கொட்டகையும் அந்த மசிக்குள்ளேயே அடங்கிவிடும். கோட்டின் இடது ஓரமா, வலது ஓரமா, நடுவா? வீடு என்றால் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். தொழிற்சாலை என்றால் மாதாந்தர மின்கட்டணமே பெரும் தொகை. யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். புதிய ஆலை இரண்டு எல்லைகளிலும் கால் வைத்து நின்றால் மாநில ஆணையம் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது: யாருடைய கம்பி பக்கத்தில் இருக்கிறது, அந்த வட்டாரத்துக்கு முதலில் வந்தவர் யார், யாருடைய கம்பி நம்பகமாக, நியாயமான செலவில் தாங்கும், யாருக்குக் கொடுத்தால் கம்பியை இரட்டிப்பாக இழுக்க வேண்டியிருக்காது.

ஒரு தேதியில் படம் பிடித்து உறைய வைக்கும் இந்த வழக்கம் கென்டக்கியோடு நிற்கவில்லை. ஏழு மாநிலங்களில் பரவியுள்ள டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் அரசுக்குச் சொந்தமான மின் நிறுவனம். அது பெருகிக்கொண்டே போவதைப் பார்த்துத் தனியார் கம்பெனிகள் கலங்கின. 1959-ல் நாடாளுமன்றம் ஒரு வேலி போட்டது: 1957 ஜூலை 1 அன்று எங்கே விற்றுக்கொண்டிருந்தாயோ, ஏறக்குறைய அந்த வட்டத்துக்குள்ளேயே இரு. அந்த ஏற்பாட்டை இன்றும் 'வேலி' என்றே சொல்கிறார்கள்.

எல்லை என்றால் ஒரு பக்கம் இவர், மறுபக்கம் அவர் என்பதும் எல்லா இடத்திலும் செல்லாது. ஓஹையோவின் கிளீவ்லாந்தில் நகராட்சியின் மின்துறையும் தனியார் கம்பெனியும் ஒரே பகுதிகளில் வாடிக்கையாளர் பிடிக்கின்றன. நகராட்சி மின்துறையை விற்றுவிடும்படி நெருக்கடி வந்தபோது மேயர் டென்னிஸ் குசினிச் மறுத்தார். 1978 டிசம்பரில் நகரமே வங்கிக் கடனைத் திருப்ப முடியாமல் நின்றது. ஆனாலும் மின்துறை கைவிட்டுப் போகவில்லை. டெக்சாஸின் லபக் நகரிலும் 2010-ல் நகராட்சி மற்ற நிறுவனத்தின் பகிர்மான அமைப்பை வாங்கும் வரை இதே கதைதான். இப்படி இரண்டு பேர் விற்கும் ஊரை வரைபடத்தில் ஒரு நிறத்தால் தீட்டினால் அது பொய். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பலகோணம் வைக்க வேண்டும். தேசிய அளவிலான கோப்புகளில் இப்படி மேற்படிந்த பகுதிகளைப் பார்த்துவிட்டுப் பிழை என்று நினைத்து 'சரிசெய்து' கெடுப்பது புதிதாக வருபவர்களின் வாடிக்கை.

மாநிலங்களிடம் இருக்கும் இந்தத் துல்லியம் நாடு முழுவதற்கும் கிடைப்பதில்லை. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் ஆண்டுதோறும் 861 என்ற எண்ணுள்ள படிவத்தில் நிறுவனங்களிடம் கேட்பது, எந்தெந்தக் கவுண்டியில் பகிர்மானக் கருவிகள் வைத்திருக்கிறீர்கள் என்பது மட்டுமே. கவுண்டி என்பது நம் மாவட்டம்போல ஒரு நிர்வாகப் பிரிவு. நாட்டில் மூவாயிரத்துக்கு மேல் உண்டு. பட்டியலை வைத்து வரைந்தால், ஒரு மூலையில் நாலு கம்பம் வைத்திருப்பவருக்கும் முழுக் கவுண்டியும் போய்விடும்.

கென்டக்கியின் கிரேவ்ஸ் கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலைநகர் மேஃபீல்டில் நகரத்தின் சொந்த மின்துறை. வெளியே ஒரு கூட்டுறவுச் சங்கம். இன்னொரு பக்கத்தில் இன்னொரு சங்கம். 2021 டிசம்பர் 10 இரவு சூறாவளி மேஃபீல்டைத் துவம்சம் செய்தது. இப்படிப்பட்ட இரவில் கேட்கப்படும் கேள்வி, கவுண்டியில் எத்தனை சதவீத வீடுகள் இருளில் இருக்கின்றன என்பது. பின்னத்தில் மேலே போட வேண்டிய எண், அதாவது இருளில் இருக்கும் வீடுகள், நிறுவனங்களின் மின்தடைப் பக்கங்களிலிருந்து கிடைக்கும். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் அவற்றைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரட்டுகிறது. கீழே போட வேண்டிய எண்தான், அதாவது மொத்த இணைப்புதான், தகராறு. பல கவுண்டிகளில் பரவிய ஒரு சங்கத்துக்கு இந்தக் கவுண்டியில் மட்டும் எத்தனை இணைப்பு? எல்லைக்கோடு தவறினால் வகுக்கும் எண் தவறும். அப்புறம் நிவாரண வண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதும் தவறும்.

அஞ்சல் குறியீட்டை வைத்துச் சமாளிக்கலாமே என்று தோன்றும். ஒரு குறியீட்டுக்குள் இரண்டு மூன்று நிறுவனங்கள் இருப்பது சகஜம். தவிர, அந்தக் குறியீடு தபால்காரர் போகும் வழிகளின் தொகுப்பு. அதை நிலப்பரப்பாகக் கருதுவதே கொஞ்சம் கற்பனை.

இதற்கு மேலே இன்னொரு அடுக்கு வரைபடமும் உண்டு; இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். மின் உற்பத்தியையும் தேவையையும் நொடிக்கு நொடி சமன் செய்யும் பொறுப்பு அமெரிக்காவில் அறுபதுக்கும் மேற்பட்ட அமைப்புகளிடம் பிரிந்திருக்கிறது. அவற்றின் எல்லையை மீட்டர்களின் தொகுப்பாகத்தான் வரையறுக்கிறார்கள்: இணைப்புக் கம்பிகளில் மாட்டிய மீட்டருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. செய்தித்தாள்களில் அழகாக நிறம் தீட்டி வரும் அந்த வரைபடம் வாசகரின் வசதிக்காக. வீட்டுக்கு ரசீது அனுப்புவது யார் என்று அது சொல்லாது.

அதிகாரபூர்வக் கோடு கிடைக்காத இடத்தில் எதிர்த்திசையில் வேலை செய்கிறார்கள். எந்த முகவரிக்கு யார் மின்சாரம் தருகிறார்கள் என்று தெரிந்த சில ஆயிரம் புள்ளிகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் சுற்றி முன்சொன்ன தீயை எரியவிட்டு, ஒரே நிறுவனத்தின் கட்டங்களை ஒன்றாக்கி, ஓரங்களை மனை எல்லையோடு ஒட்ட வைக்கிறார்கள். புள்ளி அடர்த்தியாக உள்ள ஊருக்குள் இது நன்றாக வரும். காட்டுப் பக்கம் போகப் போக ஊகம்தான். நடுவில் விதிவிலக்குகளும் உண்டு: எல்லை வகுக்கும் முன்பே இணைப்பு வாங்கியதால் பழைய நிறுவனத்தோடே இருந்துவிட்ட ஒற்றை வீடு, எதிர் நிறுவனத்தின் பரப்புக்குள் தனித் தீவாக நிற்கும்.

அப்படி ஒரு வீட்டைப் பற்றிச் சந்தேகம் வந்தால், கடைசியில் யாராவது வண்டியை எடுத்துக்கொண்டு நேரில்தான் போக வேண்டியிருக்கிறது. கம்பத்தில் அறைந்த தகட்டை மட்டும் நம்ப முடியாது. ஒரு நிறுவனத்தின் கம்பத்தில் மற்றொருவர் வாடகைக்குக் கம்பி கட்டியிருப்பார். வீட்டு மீட்டரிலிருந்து தொடங்கி, சுவரில் ஏறும் கம்பியைக் கண்ணால் பிடித்து, மின்மாற்றி வரை போய், அதன் வயிற்றில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு அலுவலகத்துக்கு வந்து, பலகோணத்தில் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஓர் ஓட்டை போடுகிறார்கள்.