எந்தப் பக்கம் உட்கார்ந்தால் தப்பிக்கலாம்?

என்னிடம் ஆலோசனைக்கு மகனை அழைத்து வந்த அம்மா தேயிலை மலையிலிருந்து நேரே வந்திருந்தார். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. "மிஸ், இவனுக்கு என்னமோ புடிச்சிருக்கு. ராத்திரியெல்லாம் போன்ல பொணமா பார்க்கிறான்" என்றார். மந்திரித்துக் கயிறும் கட்டியாகிவிட்டது. பையனுக்கு 15 வயது. (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னேன். "எனக்கும் காட்டு, அதுல என்ன பார்க்கிறே?" என்று கேட்டதும் பையன் போனை நீட்டினான். அவ்வளவும் பஸ் விபத்துகள். 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கெரண்டியெல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்களே, அந்தக் காணொளிகள் மட்டும் பத்துக்கு மேல் வைத்திருந்தான். ஒன்றை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கினான். அவன் காட்டியது நசுங்கிய ஆசன வரிசையை. "எந்தப் பக்கம் உட்கார்ந்தா தப்பிக்கலாம், மிஸ்?"

அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை. மாதத்தில் இரண்டு தடவை இரவு பஸ்ஸில் வீட்டுக்கு வருவார்.

கோரத்தைப் பார்க்கத் துடிக்கிற மனதை உடனே நோய் என்று சொல்லிவிடுகிறோம். அமெரிக்க உளவியலாளர் கோல்டன் ஸ்கிரிவ்னர் இந்த ஆவலை அளக்க 2021இல் ஓர் அளவுகோல் வெளியிட்டார். கொடியவர்களின் மனம், வன்முறை, சிதைந்த உடல், அமானுஷ்ய ஆபத்து என்று அதில் நான்கு கூறுகள். ஆபத்தைத் தூரத்தில் நின்று படித்துக்கொள்ள மனம் செய்யும் முயற்சி இது என்பது அவருடைய பார்வை. இந்தப் பையன் செய்ததும் அதுதான்.

நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1974 டிசம்பர் 4இல் எங்கள் மலையகத்து ஏழு கன்னி மலையில் விமானம் மோதி, அதிலிருந்த 191 பேரும் இறந்தார்கள். அதன் டயர் ஒன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வழியாகப் போகும்போது நானும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன். காமன் கூத்தில் மன்மதன் எரிவதையும் ரதி அழுவதையும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய பார்த்து வளர்ந்தவள்தானே நான். ஆனால் அங்கே காமனை அப்புறம் எழுப்பிவிடுவார்கள். சாவு வீட்டில் பிள்ளைகள் பெரியவர்களின் கால்களுக்கு இடையில் எட்டிப் பார்க்கும். பக்கத்தில் பாட்டி இருப்பாள், தேத்தண்ணி வரும், தப்புச் சத்தம் கேட்கும், மூன்றாம் நாளோ நாலாம் நாளோ எல்லாம் அடங்கிவிடும். போனில் அடக்கம் என்று ஒன்று கிடையாது. ஒரு காணொளி முடிந்தால் அடுத்தது தானாகவே வந்து நிற்கும். பார்க்கிறவனும் தனியாக, போர்வைக்குள் இருக்கிறான்.

2013 பொஸ்டன் மரதன் குண்டுவெடிப்புக்குப் பிறகு அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு இருக்கிறது. அடுத்து வந்த வாரத்தில் தினமும் 6 மணித்தியாலமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளிலேயே கிடந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிக மன அழுத்த அறிகுறிகள் தெரிந்தன. மண்சரிவுக் காலத்தில் எங்கள் வட்ஸ்அப் குழுக்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும். "பார்த்துக் கவனமா இருங்க" என்று ஒரு வரி எழுதி, முகம் தெரியும் சடலத்தை அனுப்புகிறார்கள். இறந்தவரின் அக்காவும் அதே குழுவில் இருப்பார். எனக்கு இதில் மட்டும் பொறுமை கிடையாது.

பெற்றோருக்குச் சொல்வேன்: போனைப் பறித்தால் பிள்ளை ஒளித்துப் பார்க்கும். வட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்திவையுங்கள், அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தூக்கம் கெட்டால், பகலிலும் அந்தக் காட்சிகள் வந்துபோனால், பஸ்ஸில் ஏறவே மறுத்தால், மிருகங்களை வதைத்தால் உதவி தேடுங்கள். தன் சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே. இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

மூன்றாவது தடவை அப்பாவும் கூட வந்தார். அவர் வழக்கமாக எங்கே உட்காருவார் என்று பையன் அதுவரை கேட்டதே இல்லையாம். என் அறையில் வைத்துத்தான் கேட்டான்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ட்ரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுப்பா. அந்த ஜன்னல் ஒண்ணுதான் ஒழுங்கா மூடும்."