தோற்ற மயக்கம்: ‘இல்யூஷன்’ என்பதற்கு எது தமிழ்?

மொரீஷியஸ் தமிழ்ப் பிள்ளைகளிடம் கண்ணை ஏமாற்றும் படம் ஒன்றைக் காட்டினால், ‘இல்யூசியோன் தொப்தீக்’ என்று பிரெஞ்சில் சட்டென்று சொல்வார்கள். தமிழில் கேட்டால் ‘மாயை’ என்பார்கள். அந்தச் சொல் இங்கே பொருந்தாது. மாயை என்றதும் வேதாந்தம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதுவோ வெறும் விளையாட்டு.

மூலச்சொல்லிலும் விளையாட்டுதான் இருக்கிறது. இலத்தீனில் ‘லூதெரே’ என்றால் விளையாடுதல். ‘இல்லூதெரே’ என்றால் ஒருவரை வைத்து விளையாடுதல், எள்ளுதல். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனதே இல்யூஷன்.

தமிழில் காட்சிப் பிழை, தோற்ற மயக்கம் என இரண்டு நல்ல சொற்கள் உண்டு. ‘நிற்பதுவே, நடப்பதுவே’ பாடலில் பாரதியார் இரண்டையுமே ஆண்டிருக்கிறார். என் ஓட்டு மயக்கத்துக்கு. பிழை என்றால் தெரிந்ததும் திருத்திக்கொள்ளலாம். 1889இல் ஜெர்மன் அறிஞர் முல்லர்-லையர் வெளியிட்ட படத்தை நீங்களே வரைந்து பாருங்கள்: ஒரே நீளத்தில் இரண்டு கோடுகள், ஒன்றின் இரு முனைகளிலும் அம்புத்தலை, மற்றதில் அதே அம்புத்தலையைத் திருப்பி, கிளைகள் வெளியே விரியும்படி. இரண்டாவதுதான் நீளமாகத் தெரியும். அடிக்கோல் வைத்து அளந்து, சமம் என்று உறுதி செய்த பிறகும் அப்படியேதான் தெரியும்! திருத்த முடியாததைப் பிழை என்பானேன்?

மயக்கம் என்பதற்குத் தலைசுற்றல் மட்டும் பொருளன்று. தொல்காப்பியத்தில் ‘வேற்றுமை மயங்கியல்’ என்றே ஓர் இயல் உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து நிற்பதும் மயக்கமே. எங்கள் தீவின் தென்மேற்கு முனையில், 556 மீட்டர் உயர லெ மோர்ன் மலையை ஒட்டிய கடலில் நடப்பது இதுதான். ஹெலிகாப்டரில் ஏறி மேலிருந்து பார்த்தால் கடலுக்கடியில் பேரருவி ஒன்று விழுவதுபோல் இருக்கும். உண்மையில் அங்கே அருவி இல்லை. நீரோட்டம் இழுத்துச் செல்லும் மணலும் வண்டலும் கடலடித் திட்டின் விளிம்பைத் தாண்டி ஆழத்துக்குச் சரிகின்றன. வெளிர்மணல், இளம்பச்சை, கருநீலம் என்று நிறம் படிப்படியாக அடர்ந்துகொண்டே போகிறது. அந்த மணல் வரிகளைக் கண் விழுநீராக வாசித்துவிடுகிறது. கரையில் நின்றால் இது தெரியாது.

கானல்நீரை மட்டும் நான் இந்தப் பட்டியலில் சேர்க்கமாட்டேன். ஜனவரி வெயிலில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் தார்ச்சாலை நீர் தேங்கியதுபோல் பளபளக்கும்போது, ஒளி மெய்யாகவே வளைந்து வருகிறது. சாலையை ஒட்டிய சூடான காற்று வானத்தின் ஒளியை வளைத்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. கேமராவிலும் அது அப்படியே பதியும். அதற்குப் பிரெஞ்சிலும் ‘மிராஜ்’ என்று தனிச்சொல் இருக்கிறது. சங்கப் பாடல்களில் அதன் பெயர் பேய்த்தேர்.