ஆறாம் வாரத்தில் கரு ஒட்டுவதில்லை

நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம். வீட்டுச் சோதனையில் இரண்டு கோடு. பிறகு மூன்று நாளாக ரத்தம், ஒரு பக்க அடிவயிற்றில் வலி. ஏன் உடனே வரவில்லை என்று கேட்டால், “அது கரு ஒட்டும்போது வர்ற ரத்தம்தானே டாக்டர்? வாட்ஸ்அப்ல பார்த்தேன்” என்று பதில் வருகிறது. ஸ்கேனில் கருப்பை காலி. முட்டை கருப்பைக்கு வரும் வழியான கருக்குழாய்ப் பக்கம் ரத்தம் தேங்கி நிற்கிறது. இந்தப் பதிலை இன்னொரு தடவை கேட்கப் பொறுமையில்லை.

காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி மாதவிடாய் மார்ச் 1ஆம் தேதி தொடங்கியது, 28 நாள் சுழற்சி என்று வைத்துக்கொள்வோம். சினைமுட்டை மார்ச் 14வாக்கில் வெளிவரும். கரு உண்டாவது கருக்குழாயில். அங்கிருந்து கருப்பைக்கு வந்து சேரவே மூன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும். சுவரில் பதிவது முட்டை வெளிவந்த 6 முதல் 12 நாளுக்குள், அதாவது மார்ச் 20க்கும் 26க்கும் இடையில். அடுத்த மாதவிடாய் வரவேண்டியது மார்ச் 29. ஆக, கரு ஒட்டுவதால் ரத்தம் கசிந்தால் அது மாதவிடாய்த் தேதிக்குச் சில நாள் முன்போ, மிஞ்சினால் அந்தத் தேதியை ஒட்டியோதான். ஏப்ரல் 12ஆம் தேதி வருகிற ரத்தம்? கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் அன்றைக்கு ஆறு வாரம் நிறைகிறது. கரு ஒட்டி ஏறக்குறைய மூன்று வாரம் ஆகிவிட்டது. ஒட்டி முடித்த கரு மறுபடி எங்கே போய் ஒட்டும்?

மாதவிடாய் சீராக வராதவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. 40 நாள் சுழற்சி என்றால் முட்டையே 26ஆம் நாள்வாக்கில்தான் வெளிவரும். அவர்கள் காலண்டரை மூடிவைத்துவிட்டுச் சோதனைப் பட்டையை எடுக்கட்டும்.

கரு ஒட்டினால் ரத்தம் வந்தே ஆகவேண்டும் என்ற நம்பிக்கையும் சேர்ந்தே பரவுகிறது. பெரும்பாலான பெண்களுக்கு ஒரு சொட்டும் வராது. வருகிறவர்களுக்கும் துடைக்கும் டிஷ்யூவில் இளஞ்சிவப்பாகவோ காப்பித்தூள் நிறத்திலோ ஒரு கறை, ஒன்றிரண்டு நாள், அவ்வளவுதான். பேட் நனையாது, கட்டி வராது. ஐவிஎஃப் எனும் சோதனைக்குழாய்ச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் கறை படவில்லையே என்று அழுதுகொண்டு வருகிறார்கள். அழ வேண்டாம், அதில் ஒன்றுமே இல்லை.

இன்னொரு பக்கம், “நான்தான் தலைக்கு ஊத்திட்டேனே, எப்படி கர்ப்பமா இருக்க முடியும்?” என்பவர்கள். வழக்கமாக ஐந்து நாள் போகிறவருக்கு இந்த முறை இரண்டே நாள், அதுவும் பழுப்பாக. இது மாதவிடாயாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தீமிதி, தைப்பூசம் என்று நாளைத் தள்ளிப்போட மாத்திரை போட்டவர்களும் கவனிக்கவேண்டும். மாத்திரையை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் ரத்தம் வரவேண்டும். வராவிட்டாலோ, பேருக்கு வந்து நின்றாலோ, சோதனை செய்யுங்கள். நிறத்தைப் பார்த்துக் கர்ப்பமா இல்லையா என்று சொல்ல எங்களாலேயே முடியாது. சிங்கப்பூர் தேக்காவில் பார்த்த அத்தையால் எப்படி முடியும்?

சோதனைக்குக் காலையில் முதல் சிறுநீர். பெட்டியில் போட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். தாளில் சொன்ன நிமிடத்துக்குள் கோட்டைப் பாருங்கள். குப்பைத்தொட்டியிலிருந்து அரை மணி கழித்து எடுத்துப் பார்க்காதீர்கள், காய்ந்த தடம் கோடு மாதிரி தெரியும். உரிய நேரத்தில் மங்கலாகத் தெரிந்தாலும் கோடு கோடுதான். ஒரே கோடு, ஆனால் மாதவிடாய் சரியாக வரவில்லை என்றால் இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி.

இரண்டு கோடு, கூடவே ரத்தம்: அப்போது ஸ்கேன் வேண்டும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. முதல் மூன்று மாதத்தில் நால்வரில் ஒருவருக்கு ரத்தம் படுகிறது, அவர்களில் பலர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். உறவுக்குப் பிறகு கருப்பைவாயிலிருந்து கசிவதும் சகஜம். கலைந்துபோகும் கருக்களில் சுமார் பாதி, கருவிலேயே குரோமோசோம் கோளாறு இருந்ததால் கலைபவை. மருமகள் ஒரு துண்டு பப்பாளி தின்றதாலோ, எள்ளுருண்டையாலோ, “உடம்புச் சூட்டாலோ” அல்ல. மாமியார்களே, தயவுசெய்து.

என் கவலையெல்லாம் நூற்றில் ஒன்றிரண்டு கர்ப்பத்தில் கருக்குழாயிலேயே தங்கிவிடும் கருவைப் பற்றி. சோதனையில் அதுவும் இரண்டு கோடுதான் காட்டும். ரத்தம் கொஞ்சமாகத்தான் படும், அதனால்தான் ஏமாந்துபோகிறார்கள். உள்ளே குழாய் கிழிந்து வயிற்றில் தேங்கும் ரத்தம் பேடுக்கு வராது. அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையை உறுத்தும்போது தோள்பட்டை நுனியில் வலிக்கும். இதைத்தான் வாயுப்பிடிப்பு என்று நினைத்துக் கோடாலித் தைலம் தடவிப் படுத்துவிடுகிறார்கள். ஒரு பக்க வலி, தோள் வலி, தலைசுற்றல், கழிவறைக்குப் போகவேண்டும் போன்ற உந்துதலோடு மயக்கம்: இவற்றில் ஏதாவது இருந்தால் 995ஐ அழைத்து ஆம்புலன்ஸில் வாருங்கள். எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு வராதீர்கள். ஒன்றும் சாப்பிடாமல் வாருங்கள், அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

வலியில்லாமல் ரத்தம் மட்டும் என்றால் பகலில் பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) உங்கள் மருத்துவரிடமோ போகலாம். இரவில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேட் முழுக்க நனைந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. டாம்பான் வேண்டாம், பேட்தான். எத்தனை, எவ்வளவு நனைந்தது என்று எண்ணுங்கள், போட்டோ எடுங்கள். “கொஞ்சம் பட்டுச்சு” என்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவு வைத்திருக்கிறார்கள். சதை போல ஏதாவது வந்தால் ஃபிளஷ் செய்யாமல் சுத்தமான டப்பாவில் கொண்டுவாருங்கள். வலிக்குப் பாரசிட்டமால் போதும். பான்ஸ்டான், ஆஸ்பிரின் வேண்டாம். ரத்தவகை தெரிந்தால் சொல்லுங்கள். ஆர்எச் நெகட்டிவ் ரத்தம் (ஓ நெகட்டிவ், ஏ நெகட்டிவ் போன்றவை) நம்மவர்களிடம் சீனர்களைவிட அதிகம், சிலருக்கு ஊசி தேவைப்படும். நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதால் கரு தங்கிவிடாது. முடிந்தால் நடமாடலாம், கனம் தூக்காதீர்கள்.

வேலை போய்விடுமோ என்று பயந்து நாள் தள்ளிப்போனதை மறைக்கும் பணிப்பெண்கள் உண்டு. வீட்டில் அப்படி ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளிறி நின்றால், விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, முதலில் மருத்துவமனை.

கடைசியாக ஒன்று. ஐந்து வாரத்துக்கு முன்பு ஸ்கேன் எடுத்தால் கருப்பையில் ஒன்றும் தெரியாமலே போகலாம், இதயத்துடிப்பு ஆறு வாரத்தை ஒட்டித்தான் தெரியும். அப்போது ரத்தத்தில் எச்சிஜி எனும் கர்ப்ப ஹார்மோனின் அளவைப் பார்த்து, 48 மணி நேரம் கழித்து மறுபடி வரச் சொல்வோம். ஒரே அளவைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. ஏறுகிறதா, எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் எங்களுக்கு வேண்டியது. அதே ஆய்வுக்கூடத்திலேயே கொடுங்கள். வலி குறைந்துவிட்டது என்று வராமல் இருந்துவிடாதீர்கள். குழாய் கிழிந்ததும் கொஞ்ச நேரம் வலி குறைவதுண்டு.