முதலில் உடைய வேண்டிய பாகம்

மிக்சி ஓடுகிறது. சத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே கேட்கிறது. ஆனால் ஜாருக்குள் பிளேடு அசையவில்லை. 'மோட்டார் போயிடுச்சு' என்று வீட்டில் முடிவு கட்டி, அடுத்த வாரமே புதுசு வாங்கிவிடுகிறார்கள். பழையது பரணுக்கோ பழைய இரும்புக் கடைக்கோ போய்ச் சேர்கிறது. சத்தம் போட்டு ஓடிய அந்த மோட்டார் நன்றாகத்தான் இருந்திருக்கும். போனது கப்ளர், அதாவது ஜாரின் அடியிலும் மோட்டாரின் தலையிலும் இருக்கும் பல் வைத்த கறுப்புத் துண்டு. மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

கப்ளரை ரப்பரிலோ நைலானிலோ செய்வதற்குக் காரணம் செலவு மட்டும் அல்ல. ஜாருக்குள் பிளேடு திடீரென்று சிக்கிக்கொண்டால், வேகமாகச் சுழலும் மோட்டாரின் மொத்த விசையும் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். கப்ளர் இரும்பாக இருந்தால் ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, முறுக்கிக்கொள்ளும், இல்லையென்றால் மோட்டாருக்குள் இருக்கும் காயில் என்ற கம்பிச் சுருள் எரியும். மெத்தென்று இருப்பதால் கப்ளரின் பல் தேய்ந்து, மற்றவை தப்பிக்கின்றன. வீட்டுச் சாதனங்கள் பலவற்றில் இப்படி ஒரு பாகம் உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் போகட்டும் என்றே பொறியாளர்கள் அதை வைக்கிறார்கள். பழுது பார்ப்பவர் முதலில் தேட வேண்டியது அதைத்தான். கண்டுபிடித்து மாற்றியதோடு வேலை முடிந்துவிடாது, அது ஏன் போனது என்றும் கேட்க வேண்டும்.

கப்ளர் தேய்வது ஜாரைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும். மோட்டாரின் தலையைச் சுற்றி கரியைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்புத் தூள் கிடக்கும். பற்களின் முனை மழுங்கி உருண்டிருக்கும். அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜாருக்கு அடியில் இருக்கும் கப்ளரை விரலால் சுழற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் சரி, வயதாகித் தேய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். விரலுக்கு இறுக்கமாகத் தெரிந்தால் குற்றவாளி வேறு. பிளேடைத் தாங்கும் ஷாஃப்ட், ஜாரின் அடியில் புஷ் என்ற உலோகக் குழலுக்குள் சுழல்கிறது. அங்குள்ள வாஷர் தேய்ந்துவிட்டால் மாவும் சட்னியும் துளித்துளியாகக் கசிந்து புஷ்ஷுக்குள் இறங்கும். அது காய்ந்து கெட்டிப்படும், தண்ணீர் பட்டுத் துருவும் சேரும். ஷாஃப்ட் இறுகிவிடும். அதன் பிறகு எத்தனை கப்ளர் மாற்றினாலும் சில மாதத்தில் உடைந்துகொண்டே இருக்கும். ஜாருக்கு அடியில் ஈரம் கசிவதைப் பார்த்தவுடனேயே புஷ்ஷையும் வாஷரையும் மாற்றிவிட்டால் கப்ளரும் பிழைக்கும், மோட்டாரும் பிழைக்கும்.

மோட்டார் பக்கத்துக் கப்ளரைக் கழற்றுவதில் பலர் திணறுவார்கள். ஓட ஓட இறுகும்படிதான் அதன் மரை அமைந்திருக்கும், இல்லாவிட்டால் ஓடும்போதே கழன்று பறந்துவிடும். அதனால் மோட்டார் ஷாஃப்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, மோட்டார் சுற்றும் அதே திசையில் கப்ளரைத் திருப்பினால் கழலும். எதிர்த்திசையில் எவ்வளவு பலம் கொடுத்தாலும் இன்னும் இறுகத்தான் செய்யும்.

மிக்சி சுத்தமாக நின்றுவிட்டால் அதைத் தலைகீழாகத் திருப்பி அடியில் பாருங்கள். சிறிய பொத்தான் ஒன்று, பெரும்பாலும் சிவப்பாக, வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதுதான் ஓவர்லோட் ஸ்விட்ச். வெவ்வேறு அளவில் விரிவடையும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை உள்ளே இருக்கிறது. மோட்டார் திணறி அதிக மின்சாரம் இழுத்தால் பட்டை சூடாகி வளையும், இணைப்பு விடுபடும். சில நிமிடம் ஆறவிட்டு, ஸ்விட்சை அணைத்த நிலையில் அந்தப் பொத்தானை அமுக்கினால் போதும். ஒருமுறை இப்படி ஆனால் ஜாரில் சரக்கு அதிகம் அல்லது தண்ணீர் குறைவு. வாரம் இரண்டு முறை ஆகிறது என்றால் மறுபடியும் புஷ்ஷைச் சந்தேகிக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினாலும் இது நடக்கும். ஐந்து நிமிடம் ஓட்டி இரண்டு நிமிடம் நிறுத்துங்கள் என்று பல மிக்சிகளில் அச்சிட்டிருப்பது இதற்காகத்தான்.

தீய்ந்த வாடையும் தீப்பொறியும் வந்தால் கார்பன் பிரஷ்ஷின் முறை. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஃபேன், கிரைண்டர் போன்றவற்றின் மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டவே முடியாது. மிளகாயைப் பொடிக்க அந்த வேகம் போதாது. அதனால் மிக்சியில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். சரக்கு இல்லாமல் ஓடும்போது அது நிமிடத்துக்குச் சுமார் 18,000 முதல் 20,000 சுற்றுவரை போகும். அதற்குள் சுழலும் பகுதியான ஆர்மேச்சருக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்ப்பவை பிரஷ் எனப்படும் இரண்டு கார்பன் துண்டுகள். பென்சில் முனையில் இருக்கும் அதே கிராஃபைட்தான் அவற்றிலும். பின்னால் ஒரு ஸ்பிரிங், ஆர்மேச்சரின் செம்பு வளையத்தின் மேல் அவற்றை அழுத்திப் பிடிக்கிறது. உரசலில் செம்பு தேயக் கூடாது, கார்பன் தேயட்டும் என்பதுதான் ஏற்பாடு. காற்றோட்டத் துளை வழியாகச் சின்னதாக நீலப் பொறி தெரிவது இயல்பு. விட்டுவிட்டு ஓடுவது, தட்டினால் ஓடுவது, மஞ்சள் பொறி பெரிதாகப் பறப்பது ஆகியவை பிரஷ் கால் அங்குலத்துக்கும் குறைவாகத் தேய்ந்துபோனதன் அறிகுறிகள். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புது பிரஷ் போட்ட பிறகும் செம்பு வளையம் முழுவதையும் சுற்றி நெருப்பு ஓடினால் ஆர்மேச்சரே போய்விட்டது. புது மிக்சியைப் பற்றி யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.

நம் மிக்சியே ஒரு பழுதிலிருந்து பிறந்ததுதான். 1960களின் தொடக்கத்தில் மும்பையில் பொறியாளராக இருந்த சத்யபிரகாஷ் மாத்தூரின் வீட்டில், வெளிநாட்டு மிக்சி நம் சமையலின் சுமை தாங்காமல் நின்றுபோனது. மனைவி மாதுரி கேட்டுக்கொண்டதால், நம் ஊர் அரைப்புக்கு ஏற்ற மோட்டாரோடு அவர் உருவாக்கிய சுமீத் மிக்சி 1963இல் வெளிவந்தது.

மற்றவற்றைக் காக்க ஒரு பாகம் முதலில் போகட்டும் என்ற தத்துவம், பிரஷர் குக்கரில் உயிர் காக்கும் அளவுக்குப் போகிறது. வெயிட்டும் ஆவித் துளையும் ஒழுங்காக இருந்தால் உள்ளே நீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கும், அதற்குமேல் போகாது. ஒரு பருப்புத் தோலோ கீரை இலையோ துளையை அடைத்துவிட்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அப்போது மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வுக்குள் குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக் கலவை உருகி, ஆவிக்கு வழி விடுகிறது. அதே கம்பெனியின் வால்வை வாங்கிப் போடுவதோடு, ஆவித் துளையில் ஊதிப் பார்ப்பதையும் தினசரிப் பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். வேறு ஏதாவது திருகாணியை வைத்து வால்வின் ஓட்டையை அடைப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

வாஷிங் மெஷினுக்கு வருவோம். செமி ஆட்டோமேட்டிக் மெஷின் 'உம்ம்' என்று முனகிக்கொண்டே சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர், மெக்கானிக்குகள் சொல்வதுபோல் கண்டென்சர், போயிருக்கும். வீட்டுக்கு வரும் ஒற்றை ஃபேஸ் மின்சாரம் மோட்டாருக்குள் உண்டாக்கும் காந்தப்புலம் தானாகச் சுழலாது. ஒரே கோட்டில் முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டிருக்கும். எந்தப் பக்கம் சுற்றுவது என்று மோட்டாருக்குத் தெரியாது. இரண்டாவதாக ஒரு காயில் வைத்து, அதற்குப் போகும் மின்சாரத்தைக் கண்டென்சர் வழியாக நேரம் தள்ளி அனுப்பும்போதுதான் புலம் சுழல ஆரம்பிக்கிறது. சீலிங் ஃபேன் வருடாவருடம் வேகம் குறைந்துகொண்டே போவதும் கண்டென்சர் மெல்ல மெல்ல வலுவிழப்பதால்தான். கண்டென்சரை யாரும் பலிக்காக வைக்கவில்லை, ஆனாலும் மோட்டாருக்கு முன்னால் கிழடாவது அதுதான். மாற்றும்போது மேலே போட்டிருக்கும் மைக்ரோஃபாரட் எண் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். முனகும் மோட்டாரை அப்படியே விட்டுவைத்தால் சில நிமிடத்தில் காயில் கருகும், உடனே அணைத்துவிடுங்கள்.

தண்ணீர் மெதுவாக ஏறுகிறது என்றால், குழாய் வந்து சேரும் இடத்தில் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். போர் தண்ணீர் ஊர்களில் உப்பும் மணலும் அதை அடைத்திருக்கும். துணி அலசி முடித்தும் ஃப்ரன்ட் லோடு மெஷினின் கதவு திறக்கவில்லை என்று கைப்பிடியைப் பிடித்து இழுக்காதீர்கள். பல மெஷின்களில் கதவுப் பூட்டும் சூட்டில் வளையும் பட்டையால்தான் வேலை செய்கிறது. அது ஆறுவதற்கு ஓரிரு நிமிடம் ஆகும். அவசரத்தில் உடைவது கைப்பிடி.

மெஷினைத் தொட்டால் விரல் சுரீர் என்கிறதா? இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக உள்ளே இருக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் உடல்தகட்டுக்கு வருவது உண்டு. எர்த் ஒழுங்காக இருந்தால் அது அங்கேயே இறங்கிவிடும். எர்த் இல்லையென்றால் தகட்டில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி நிற்கும். அப்படியானால் கோளாறு சுவரில் இருக்கிறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒயரோ ஹீட்டரோ கசிந்தாலும் இதே உணர்வுதான் வரும், அது உயிரை வாங்கக்கூடியது. எது என்று தெரியும்வரை ஈரக் கையோடு கிட்டப் போகாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அணைந்துவிடும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்சை வீட்டில் போட்டிருந்தால், அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அமுக்கிப் பாருங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியைச் சுற்றிவைப்பது, காக்கவந்த பாகத்தையே ஒழித்துவிட்டு வீட்டு ஒயரைப் பலி கொடுப்பது.

இவற்றில் சல்லடை, ஜாரின் கப்ளர் எல்லாம் நாமே பார்க்கக்கூடியவை. கண்டென்சரையும் பிரஷ்ஷையும் ஸ்க்ரூடிரைவர் பிடித்துப் பழகியவர் செய்யலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர் கொஞ்ச நேரம் மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மைக்ரோவேவ் அவனை மட்டும் எக்காரணம் கொண்டும் வீட்டில் திறக்கக் கூடாது. அதன் கெப்பாசிட்டரில் 2,000 வோல்ட்டுக்கும் மேல் ஏறும், பிளக் வெளியே கிடந்தாலும் அது ஆளைக் கொல்லும்.